அயலூரில் வாழ்ந்த அரிஸ்டாட்டில்

பிறந்த ஊரை நீங்கி வேற்றூரில் பல்லாண்டு வாழ்வோர் உள்ளத்தில், "இவ்வூர் நமக்கு எவ்வளவு சொந்தம்?" என்னும் வினா எழுவதுண்டு. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலின் வாழ்விலும் இவ்வினா நிழல்போல் தொடர்ந்ததை நாம் காண்கிறோம்.

கி.மு. 384இல் வட கிரேக்கத்து ஸ்டகிரா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் மாசிடோனிய மன்னரின் மருத்துவர். பதினேழு வயதளவில் ஏதென்ஸுக்குச் சென்று, பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் இருபது ஆண்டுகள் தங்கினார். கி.மு. 347இல் பிளேட்டோ மறைந்த காலத்தில் அந்நகரை விட்டகன்றார். லெஸ்பாஸ் தீவின் கடற்கரையில் மீன்களையும் கணவாய்களையும் ஆராய்ந்தார். பின்னர் இளவரசன் அலெக்சாண்டருக்கு ஆசானானார். கி.மு. 335இல் ஏதென்ஸுக்குத் திரும்பி, லைசியம் என்னும் சோலையில் தம் பள்ளியை நிறுவினார்.

ஆயினும், அந்நகரில் அவர் குடிமகன் அல்லர், குடியேறியவரே. அத்தகைய ஆடவர் ஆண்டுதோறும் 12 திராக்மா வரி செலுத்தினர். போர் மூண்டால் படையிலும் சேர்ந்தனர். ஆனால் மக்கள் அவையில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கில்லை. தனிச்சலுகை பெற்றாலன்றி நிலம் வாங்கவும் இயலாது.

மனிதன் இயல்பிலேயே நகரச் சமுதாயமாய்க் கூடி வாழும் உயிர் என்றுரைத்தவர் அவரே. ஓரிடத்தில் குடியிருப்பதனால் மட்டும் ஒருவர் குடிமகனாகிவிடார், ஆட்சியிலும் நீதி வழங்குவதிலும் பங்கு பெறுபவரே குடிமகன் என்று வரையறுத்தவரும் அவரே. அவ்வரையறையின்படி, தாம் நெடுங்காலம் வாழ்ந்த நகரில் அவருக்கே இடமில்லை!

அவருடைய பள்ளி 158 அரசுகளின் ஆட்சிமுறைகளைத் தொகுத்ததாகக் கூறுவர். அவற்றுள் ஏதென்ஸைப் பற்றிய நூல், எகிப்தில் கிடைத்த பாப்பிரசுச் சுருள்களிலிருந்து 1891இல் அச்சேறியது. ஏதென்ஸின் ஆட்சிமுறையை இன்று நமக்கு விளக்கியுரைப்பது, அங்கே வாக்குரிமையற்றிருந்த ஒருவரின் பள்ளியே.

எனினும், அவர் கூறிய யாவும் ஏற்கத்தக்கன அல்ல. சிலர் இயல்பாகவே அடிமைகள் என்றும் அவர் எழுதினார். தமக்கு உரிமை இல்லாதவரும் பிறர் உரிமையைக் காணத் தவறுதல் கூடும் என்பதை நாம் இதனால் உணர்கிறோம்.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும், ஏதென்ஸில் மாசிடோனியர்மீது வெறுப்பு மூண்டது. அரிஸ்டாட்டில்மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டது. தாய்வழி உறவுள்ள கால்சிஸ் நகருக்கு அவர் ஒதுங்கினார். மறு ஆண்டே அங்கு உயிர் நீத்தார்.

1996இல் ஏதென்ஸ் நகரின் நடுவே லைசியத்தின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவருக்குக் குடியுரிமை வழங்காத அந்நகரம் இன்று அவற்றைப் பேணிக் காக்கிறது. ஒரே குடியுரிமை உடைய நாட்டில், எம்மாநிலத்தில் வாழினும் வாக்களிக்கும் நாம், அவர் பெறாத பேற்றைப் பெற்றுள்ளோம். வாழும் ஊருக்கு அவர் அளித்ததைப் போல் நாமும் அளிக்கின்றோமா என்பதே எஞ்சி நிற்கும் வினா.