கடற்பொருட்காட்சியும் நம்மவர் கடையும்

கடற்பொருட்காட்சிகளிற் கடை எடுத்து அமர்தல் இனி வீண்செலவே என நம்மவருட் சிலர் இந்நாளிற் கூறி வருகின்றனர். இடவாடகை ஒருபுறம், சரக்கேற்றும் கூலி ஒருபுறம், மூன்று நாள் ஊணும் உறையுளும் ஒருபுறமாகக் கைப்பொருள் கரைய, வருவார் யாவரும் பார்த்துப் போவரேயன்றி வாங்குவார் இலர் என்பது அவர் கூற்று. விலையும் படமும் கைப்பேசி வாயிலாக நொடிப்பொழுதிற் கடல் கடந்து செல்லுங் காலத்திற் சரக்கைச் சுமந்து திரிவது எற்றுக்கு என வினவுவாரும் உளர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் நம் கரையின் வரலாறு இதற்கு ஒரு விடை வைத்திருத்தலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பொருட்காட்சி என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று பலர் எண்ணுவர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். நம் முன்னோர் கண்ட முத்துச்சலாபம் பொருட்காட்சியன்றிப் பிறிது யாது? சலாபம் நடத்தக் கருதுங்கால் துரைத்தனத்தார் முதற்கண் பார்களைச் சோதிப்பர். சிப்பி முதிர்ந்துளது எனத் தெரியின், சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துக் கழுவி, அவற்றிற் கிடைத்த முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என ஊரறிய விளம்பரஞ் செய்வர். அவ்விளம்பரங் கண்டே வணிகர் புறப்படுவர். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், கீழக்கரை மரைக்காயர்களும், பம்பாயினின்று வருவாரும் ஒருங்கு குழுமுதலின், வெறுமணலாய்க் கிடந்த கரை சின்னாளில் ஓலைக்குடில்கள் நிறைந்த ஊராகிவிடும். 1889-ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தைச் சென்னை அரும்பொருட்சாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை நேரிற் கண்டு எழுதியுள்ளார்.

விடியுமுன் கரைக்காற்றிற் பாய் விரித்துச் சென்ற படகுகள் பிற்பகலிற் கடற்காற்றொடு மீளும். கொட்டு என்னும் வேலியடைப்பினுட் சிப்பிகளை மூன்று கூறாகக் குவிப்பர். இரண்டு கூறு துரைத்தனத்தாருக்கு. ஒரு கூறு குளித்தவருக்கும் படகினருக்கும். துரைத்தனப் பங்கு அன்று மாலையே ஆயிரத்துக்கு இவ்வளவு என ஏலம் போகும். குளியாள் தன் பங்கைக் கொட்டின் வாயிலைக் கடந்த அளவிலேயே சில்லறை வாங்குவோரிடம் பத்தும் இருபதுமாக விற்றுக் காசு காண்பான். வாங்கியவர் அச்சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். அந்நாற்றம் காத தூரம் வீசுமாயினும் அதற்கு அஞ்சித் திரும்பிய வணிகன் ஒருவனும் இலன். பின்னர்ப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்து, ஆணி முதல் தூள் ஈறாகத் தரம் பிரிப்பர்.

இங்குக் கருதற்பாலது ஒன்று. கடலுள் மூழ்கியவனே தன் சரக்கின் பக்கத்தில் நின்றான். தானே விலை பேசினான். ஏமாந்ததும் உண்டு, மிகுதியாகப் பெற்றதும் உண்டு. எனினும் வாங்குபவன் முகத்தை அவன் அறிவான்.

இம்முறை மாறியக்கால் நேர்ந்தது யாது என்பதற்கு மன்னார்க் கடலின் அக்கரையே சான்று. நம் கரையினின்றும் குளியாட்கள் திரளாகச் சென்ற 1905-ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்பெருவரவு கண்டு மறு ஆண்டே ஆங்கிலக் கூட்டு வணிகக் குழுவொன்று 20 ஆண்டுக் குத்தகையாகப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி வாராமையின், குத்தகைக் காலம் முடியுமுன்னரே அக்குழு கலைந்தது. கடலை நம்பிக் கணக்கெழுதியவர் கதை அது.

இனி மேனாட்டுப் பொருட்காட்சிக்கு வருவோம். 1883-இல் இலண்டனில் நடந்த உலக மீன்பிடி தொழிற் பொருட்காட்சியை 26 இலக்கத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய பிரான்சிஸ் டே என்பார் இந்தியப் பகுதியின் பொறுப்பை ஏற்றிருந்தார். இந்நாட்டு மீன்களும் வலைகளும் படகு மாதிரிகளும் அங்கு வைக்கப்பட்டன. பார்த்தவர் வியந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் வலை பின்னியவன் அங்கில்லை. அவனுக்கு ஒரு முழம் வலையேனும் கூடுதலாக விலைபோயிற்று எனக் கூற இயலாது. அக்காட்சியின் தொடக்கத்தில்தான் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர், கடலின் பெருமீன் வளங்கள் மனிதனால் வற்றா என உரைத்தார். 1830-க்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சிப்பியின்றி வெறிதே கிடந்த நம் முத்துப்பார்களை அவர் ஒருமுறை கண்டிருப்பாராயின் சற்றுத் தயங்கியிருப்பார்.

பொருட்காட்சி பயனற்றது என இதனால் முடித்துவிடலாமோவெனின், ஆகாது. யப்பான் நாட்டுத் தோபா என்னும் கடற்கரை ஊரில், மாவிழைக் கஞ்சி விற்றவர் மகனாய் 1858-இற் பிறந்த மிக்கிமோட்டோ என்பாரை நோக்குமின். 1890-இல் தோக்கியோவில் நடந்த தேசியத் தொழிற் பொருட்காட்சிக்கு அவர் முத்துச்சிப்பிகளைக் கொண்டு சென்றார். சிப்பியினுள் முத்தை விளைவிக்கலாகும் என்னும் அறிவுரையை மிட்சுகுரி என்னும் பேராசிரியரிடம் அவ்வாண்டிலேயே பெற்றார். 1893-இல் அரைமுத்து விளைவித்தார். பின்னர் உலகிற் பெருங்காட்சிகள் பலவற்றில் அவர் முத்துக்கள் வைக்கப்பட்டன. 1926-இல் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவில் 12,760 முத்துக்களால் ஐந்துநிலைக் கோபுரம் ஒன்றை இயற்றி வைத்தார். 1939-இல் நியூயார்க்கில் முத்தாலும் வைரத்தாலும் ஆகிய மணி ஒன்றை வைத்தார். அக்கோபுரம் அங்கே விலைபோகவில்லை. விற்கக் கருதி அவர் அதனைக் கொண்டு சென்றதும் இல்லை. விளைவித்த முத்து போலி முத்தே என வாதாடிய மேனாட்டு வணிகர் கண்முன் அதனை நிறுத்துதலே அவர் கருத்து.

அதே காலத்தில் நம் கொற்கைக் கரையின் முத்து எங்கிருந்தது? கிரேக்கர் ஏட்டில் இருந்தது. சங்கச் செய்யுளில் இருந்தது. வணிகர் பெட்டியில் இருந்தது. அதனை எடுத்தவன் பெயரோடு அஃது எங்கும் வைக்கப்பட்டிலது. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே தூத்துக்குடியின் இறுதிச் சலாபங்களாயின. 1973-இல் நம்மூருக்கு அணித்தாகிய வேப்பலோடையில் டாக்டர் அழகர்சாமி முதலிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். மிக்கிமோட்டோ முதன்முறை முத்து விளைவித்து அப்போது 80 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒரு தடையும் எழக்கூடும். நம் சங்கு எந்தக் காட்சிக்கும் செல்லாமலே வங்கத்து வளையற்காரரிடம் பெயர் பெற்றதன்றோ என்பர். உண்மையே. டாக்காவிலும் கல்கத்தாவிலும் சங்கறுப்போர் எக்கரைச் சங்கு இஃது எனக் கைப்பட்ட அளவிலே கூறுவர். ஆனால் சங்குகுளி துரைத்தனத்தாரின் தனியுரிமையாயிருந்தமையின், அப்பெயரின் ஊதியம் குளித்தவனை அணுகவில்லை. அவனுக்குக் கிடைத்தது சங்கொன்றுக்கு வரையறுத்த கூலியே.

இக்காலத்துக் காட்சிகளை நோக்குவோம். 1972-இல் அமைந்த கடற்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் நடத்தும் பன்னாட்டுக் கடலுணவுக் காட்சி 2018-இல் கோவாவிலும், 2020-இல் கொச்சியிலும், 2023-இல் கொல்கத்தாவிலும் நடந்தது. ஐரோப்பியப் பெருங்காட்சியோ பெருந்தொற்றால் ஈராண்டு நின்று, பிரசெல்சை விட்டு 2022-இல் பார்சிலோனாவில் மீண்டும் கூடிற்று. படமும் விலைப்பட்டியும் போதுமாயின் அவ்வணிகர் மீண்டும் கூடியிரார். உறைந்த இறாலின் மேற்பூசிய பனிநீர் எத்தனை பங்கு, உருகியபின் எஞ்சும் எடை யாது, மணம் எத்தகையது என்பனவற்றைக் கைப்பேசி காட்டமாட்டாது. கடன் கொடுக்கத் தக்கவனோ இவன் என்பதையும் காட்டாது.

ஆகலின் எம் கருத்து இது: தன் சரக்கைத் தான் அறிந்து, வினவுவார்க்குத் தானே விடையிறுத்து, மீண்டு வந்தபின் வந்த கடிதங்களுக்கு மறுமொழி விடுப்பவனுக்குக் கடை இன்றும் பயன் தரும். கூலியாளை இருத்தித் தான் விடுதியில் உறங்குவானுக்கு ஒருநாளும் தந்ததில்லை. சிறு தொழிலாளர் தனித்தனியே வாடகை இறுத்தல் அரிது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கடை எடுப்பின், அதற்கு முன்பணம் உதவுதல் நம் சங்கத்தார் கடன் என்போம். முதலாண்டு விற்றுமுதலைக் கொண்டு ஊதியக் கணக்கு முடித்தல் தகாது.

சிப்பிக் கைவேலை செய்யும் எம் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு காட்சியிற் கடை வைத்து வாடகைக்கும் குறைவாகவே விற்று வந்தார். வீட்டார் அவரை எள்ளினர். நான்கு திங்கள் கழித்து, அங்கு ஒரே ஒரு விளக்குக்கூடு வாங்கிச் சென்ற பெங்களூர் வணிகர் ஒருவர், அதே வேலைப்பாட்டில் அறுபது வேண்டும் என எழுதினார். கடையின் பெயர் நினைவில்லை. முகவரிச் சீட்டில் இருந்த ஊர்ப்பெயர் கொண்டு தேடினேன் என்று அக்கடிதத்திற் கண்டிருந்தது. இவ்வாண்டு மீண்டுஞ் செல்லுமுன் உறவினர் எம்மிடம் வந்து, பலகைக்கு வாசகம் எழுதித் தருக என்றார். ‘தூத்துக்குடிச் சிப்பிப் பொருள்கள்’ என எழுதினாற் போதும் என்பது அவர் எண்ணம். யாம் அவர் பெயரையும், மனைவியார் பெயரையும், தெருவின் பெயரையும் அதன் மேல்வரியாகச் சேர்த்து எழுதிக் கொடுத்துள்ளோம்.