லிஃப்டுக்கு உள்ளே இருப்பவரும் மேலே நிற்பவரும்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க தினமும் ஏறி இறங்கற லிஃப்டுக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும். சரி, அதை ரிப்பேர் பண்ண வர்றவருக்கு? அவருக்கு என்ன சான்றிதழ் வேணும், யார் கொடுக்கறாங்க?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்ததுன்னா, எங்க ஊர் காரிமங்கலம். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில, நெடுஞ்சாலை ஓரத்துல இருக்கு. நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்களுக்கு உயரம்னா மலைமேல இருக்கற அருணேசுவரர் கோயில்தான். லிஃப்டைப் பார்க்கணும்னா வேற ஊருக்குப் போகணும். இப்போ இந்தப் பக்கமெல்லாம் மருத்துவமனை, கல்யாண மண்டபம், மூணு மாடி வீடு வரைக்கும் லிஃப்ட் வந்தாச்சு. என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தன் ஓசூர்ல லிஃப்ட் ஹெல்பரா சேர்ந்தான். "உனக்கு லைசென்ஸ் இருக்காடா?"ன்னு கேட்டேன். "கம்பெனிக்கு இருக்கு"ன்னான். அந்தப் பதிலுக்குப் பின்னால ஒரு நூறு வருஷக் கதை இருக்கு.

முதல்ல நியூயார்க் போவோம். 1854-ல் அங்கே கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடைமேல் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. தந்திரம் எளிமையானது. கயிறு இழுவையில் இருக்கும்வரை ஒரு ஸ்பிரிங் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்தால் ஸ்பிரிங் விரிந்து, இரண்டு பக்கமும் இருக்கும் பல்சட்டத்தைக் கொக்கிகள் கவ்விக்கொள்ளும். 1857-ல் நியூயார்க் பிராட்வேயில் ஒரு ஐந்து மாடிக் கடையில் ஓடிஸின் முதல் பயணிகள் லிஃப்ட் ஓடியது. 1892-ல் கல்கத்தாவில், வைஸ்ராய் வசித்த அரசு மாளிகைக்கு லிஃப்ட் வந்தது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிங்க. ஓடிஸ் காப்பாற்றியது மேடைமேல நிற்கிற ஆளை, அதாவது பயணியை. லிஃப்டோட பாதுகாப்பு வரலாறு பெரும்பாலும் இந்தக் கோணத்திலேயேதான் வளர்ந்தது. சட்டமும் அப்படித்தான்.

இந்தியாவின் முதல் லிஃப்ட் சட்டம் 1939-ல் வந்த பம்பாய் லிஃப்ட் சட்டம். லிஃப்ட் அமைக்க முதலில் அனுமதி வாங்க வேண்டும். அமைத்த பிறகு, ஓட்ட லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்ப்பார். விபத்து நடந்தால் தெரிவிக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு கட்டட உரிமையாளர். இதே சட்டத்தைத்தான் டெல்லிக்கும் நீட்டித்தார்கள். 1955-ல் மேற்கு வங்கமும் 1974-ல் கர்நாடகமும் தங்களுக்கென்று சட்டம் கொண்டுவந்தன.

நம்ம ஊர்? 1959-ல் மவுண்ட் ரோட்டில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் திறந்தபோது அதுதான் நாட்டிலேயே உயரமான கட்டடம். லிஃப்ட் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்கு அர்த்தமே இல்லை. ஆனால் லிஃப்டுக்கென்று தனிச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1997-ல்தான். பிறகு எஸ்கலேட்டரும் அதன் பெயரில் சேர்ந்தது. இதை நடைமுறைப்படுத்துவது தலைமை மின் ஆய்வாளரின் துறை. இங்கேயும் அதே கட்டமைப்புதான்: அமைக்க அனுமதி, ஓட்ட லைசென்ஸ், பொறுப்புக்கு உரிமையாளர்.

அப்போ மெக்கானிக்? அவரோட சான்றிதழ் வேற பாதையில வந்தது. அதுதான் மின்சாரச் சட்டம்.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி ரொம்ப சுவாரசியமானது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி சில்லறைப் பொருட்களை மாற்ற எந்தச் சான்றிதழும் வேண்டாம். அதைத் தாண்டினால் மூன்று தகுதிகள் வேண்டும். வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ், நேரடியாக மேற்பார்வை செய்பவருக்குத் தகுதிச் சான்றிதழ், கை வைத்து வேலை செய்பவருக்கு அனுமதிச் சீட்டு. அந்த விதிகள் போய் 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையத்தின் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. இந்த மூன்றடுக்கு மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. மேற்பார்வையாளர், வயர்மேன், வயர்மேன் ஹெல்பர் என்று படிகள் உண்டு. ஹெல்பர் படிக்கான தகுதிகாண் தேர்வு அறிவிப்பை நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அதுக்கு வயது 21 ஆகியிருக்கணும், வயரிங் தொழிலில் ஐந்து வருஷ அனுபவம் இருக்கணும். திரும்பப் படிச்சுப் பாருங்க. கீழ்ப்படிச் சான்றிதழுக்கே ஐந்து வருஷம் ஏற்கெனவே வேலை செஞ்சிருக்கணும்! அதாவது, ஒருத்தர் சான்றிதழ் இல்லாமல்தான் தொழில் கத்துக்குவார்ங்கிறது அரசாங்கத்துக்கே தெரியும். அந்த ஐந்து வருஷமும் அவரைக் காப்பாத்துறது பக்கத்துல நிற்கிற மேற்பார்வையாளர் மட்டும்தான். மேற்பார்வை ஃபோன்லயே முடிஞ்சா, விதி 45-ல மிச்சம் இருக்கறது காகிதம்தான்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. வயர்மேன் படிப்பது வயரிங், எர்த்திங், மோட்டார் இணைப்பு. லிஃப்டில் பாதி மின்சாரம், மீதிப் பாதி எந்திரவியல்: கயிறு, பிரேக், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எதிர் எடை.

எதிர் எடையை எடுத்துக்கோங்க. காலிப் பெட்டியின் எடையோடு, அது தாங்கும் சுமையில் சுமார் 40 முதல் 50 சதவீதத்தையும் சேர்த்து எதிர் எடை வைப்பார்கள். அப்படியென்றால் காலிப் பெட்டிதான் இலேசான பக்கம். பிரேக்கை விடுவித்தால் அது கீழே விழாது, மேலே போகும்! பெட்டிக்கு மேல நின்னு வேலை செய்யறவருக்கு இது எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. அதோட, கதவு மூடினால்தான் ஓடணும்ங்கிற பாதுகாப்பை, பழுது பார்க்கறதுக்காகச் சில சமயம் அவரேதான் தற்காலிகமா விலக்க வேண்டியிருக்கும். நம்ம வேலையில டெஸ்டை எல்லாம் அணைச்சுட்டு நேரா புரொடக்‌ஷன்ல கை வைக்கிற மாதிரி. வித்தியாசம் என்னன்னா, இங்க ரோல்பேக் கிடையாது.

வேற நாட்டில் எப்படி? அமெரிக்காவில் 1901-லேயே பிட்ஸ்பர்க் நகரில் லிஃப்ட் அமைக்கும் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தேசியச் சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று அந்தச் சங்கத்தோடு இணைந்த பயிற்சி நான்கு வருடம். பல மாநிலங்களில் லிஃப்ட் மெக்கானிக் என்ற பெயரிலேயே தனி ஆளுக்கு லைசென்ஸ் உண்டு. கம்பெனி மாறினாலும் அது அவரோடயே போகும். சம்பளம் பேசும்போதும் அதுதான் அவருடைய பலம்.

நம்மகிட்ட அதுக்கான விதை இல்லாம இல்லை. லிஃப்ட் மற்றும் எஸ்கலேட்டர் மெக்கானிக் என்ற இரண்டு வருட ஐ.டி.ஐ. தொழிற்பிரிவு இருக்கிறது, பத்தாவது முடித்தவர்கள் சேரலாம். கயிறும் எதிர் எடையும் பாடத்திலேயே வரும். லிஃப்ட் சட்டங்களும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கேரளம் 2013-ல் கொண்டுவந்தது, உத்தரப்பிரதேசம் 2024-ல். புதுசா ஒரு சட்டமோ திருத்தமோ எழுதும்போது, அந்த ஐ.டி.ஐ. படிப்பை அனுமதிச் சீட்டாக மாத்தறது பெரிய வேலை இல்லைன்னு நான் நினைக்கிறேன். என் நண்பன் மாதிரி ஆளுக்கு, "எனக்கே இருக்கு"ன்னு சொல்ல ஒரு காகிதம் கிடைக்கும்.

அதுவரை நம்மால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. உங்க அபார்ட்மென்ட்ல வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது விலையை மட்டும் பேசாதீங்க. வேலைக்கு எத்தனை பேர் வருவாங்க, மேற்பார்வையாளர் நேர்ல நிற்பாரா, வர்றவர்கிட்ட என்ன சான்றிதழ் இருக்குன்னு மூணு கேள்வி கேளுங்க. பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்க. ஒருத்தரை மட்டும் அனுப்பினா விலை குறையும்தான். பெட்டிக்கு மேல ஒருத்தர் நிற்கும்போது, மோட்டார் அறையில யார் இருக்காங்கன்னு கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.