சிவப்பைக் காணாத பிலிம்

போட்டோவைச் சரித்திரச் சாட்சியாக ஏற்கும் நம்மவர்கள், அந்தச் சாட்சிக்குக் கண் சரியாகத் தெரிந்ததா என்று விசாரிப்பதில்லை. தேதி கேட்கிறார்கள், எடுத்தவர் பெயர் கேட்கிறார்கள். எந்தப் பிளேட், எத்தனை வருஷம் பழையது, எதில் கழுவியது என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளி உப்பு இயல்பில் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே அறியும். 1873-ல் ஜெர்மானியரான ஃபோகல் சாயம் சேர்த்து அதன் பார்வையை நீட்டிக் காட்டினார். சிவப்பையும் காணும் பிளேட்டுகள் 1906-ல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. ரமணர் திருவண்ணாமலை வந்தது 1896-ல். அவருடைய முதல் போட்டோ என்று சொல்லப்படுவது இருபதை ஒட்டிய வயதில் எடுத்தது. அதாவது 1906-க்கு முந்தியது. அருணம் என்றால் சிவப்பு. சிவப்பின் பெயர் கொண்ட மலையடியில், சிவப்பைக் காணாத பிளேட். அதில் செம்மண் கறுக்கும், காவி கறுக்கும், மாநிறம் உள்ளதைவிட இருளும், வானம் வெறும் வெள்ளையாகும். அந்தப் படத்து இளைஞரின் மேனி நிறம் முழுக்க அவருடையது அல்ல, பாதி ரசாயனத்தினுடையது.

பெங்களூர் வெல்லிங் 1946-ல் எடுத்த மார்பளவுப் படம்தான் இன்று கடைச் சுவர்களில் தொங்குவது. 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைக்காவோடு வந்திருந்தார். இந்தப் படங்களின் வேறுபாட்டை மனநிலையின் வேறுபாடாகவே படிக்கிறோம். அதில் பிலிமுக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

இதைச் சோதிக்க எனக்கும் என் நண்பருக்கும் ஊட்டி உதவியது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் ஸ்தாபிக்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் சரக்குக்கு ‘இந்து’ - நிலா - என்று பெயர். ஆலை இன்று இல்லை; ஆகவே மிஞ்சியிருக்கும் ‘இந்து’ பிலிம் எல்லாமே காலாவதியானவை. மூடப்பட்ட ஓர் எக்ஸ்ரே நிலையத்திலிருந்து, 1998-ல் காலாவதியான ஒரு பெட்டி கிடைத்தது. எக்ஸ்ரே பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கடியில் நாலுக்கு ஐந்து அங்குலமாக வெட்டி, ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் ரோட்டிலிருந்து மலையை எடுத்தோம்.

பழைய பிலிம் இரண்டு விதமாகக் கெடும்: உணர்திறன் குறையும்; வெளிச்சமே படாத இடத்திலும் புகை படியும். பத்தாண்டுக்கு ஒருமுறை வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு என்பது வழக்கிலுள்ள கணக்கு. எட்டு மடங்கு கொடுத்தோம். புகையை அடக்க டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடு. இவ்வூர் வெயிலுக்கு டிரேயைச் சுற்றி ஐஸ். எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. டிரேயின் அடி உரசினால் கீறும் என்பதால் கீழே கண்ணாடி வைத்தோம். பெரிய பிலிமின் அனுகூலம், ஒவ்வொரு தாளையும் தனித்தனியே கழுவலாம் என்பது. முதல் தாள் சொன்னதைக் கேட்டு இரண்டாவதைத் திருத்தலாம்.

வந்த படத்தில் மலை கரியாக நின்றது. ஓரங்களில் புகை. அழகென்று அதை நான் கொண்டாடவில்லை. பழுதைக் கவிதையாக்குவது இப்போது சுலபமான பழக்கம். அது தகவல் என்கிறேன்.

1897-ல் பலூனில் வடதுருவம் புறப்பட்டு மாண்ட ஆந்த்ரே குழுவின் பிலிம், 1930-ல் பனியிலிருந்து கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ஹெர்ட்ஸ்பெர்க் அதைக் கழுவி, 240-ல் 93 படங்களை மீட்டார். அவற்றில் உள்ள கறை, அந்த முப்பத்து மூன்று வருஷத்தின் பதிவு. துடைத்தால் படம் தெளியலாம். அந்த வருஷங்கள் போய்விடும்.

இங்கே நடப்பது துடைப்பதையும் தாண்டியது. பழைய படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வர்ணம் ஏற்றுகிறார்கள். பிளேட் காணாத சிவப்பை இன்று ஒருவர் ஊகித்துப் பூச, நாளை அதுவே சாட்சியாகும். மூல நெகடிவை எறிந்துவிட்டால் மறுக்க ஆதாரம் இராது. ஸ்டுடியோ வாரிசுகள் பழைய நெகடிவ்களைக் குப்பையில் போடுமுன் செய்ய வேண்டியது சொற்பம்: கறையோடு அப்படியே உறையிலிட்டு, பிலிமின் பெயரையும் வருஷத்தையும் உறைமேல் எழுதிவைப்பது.