தகரப் பேணிக்குள் ஒரு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் இலண்டனில், பத்திரிகைத் துறையில் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை அவர் தகரப் பேணி ஒன்றை மேசைமீது கவிழ்த்தார். பளபளவென்று 50 பென்ஸ் நாணயங்களும் 2 பவுண் நாணயங்களும் சிதறின. பேரனின் படிப்புக்கு உதவுமென்று சில்லறையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை அவை. "இதில் ஒன்று ஆயிரம் பவுண் பெறும், பாருங்கள்" என்று நீச்சல் நாணயத்தை நீட்டினார்.

அவரது நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக், பராலிம்பிக் விளையாட்டு விழாக்களை முன்னிட்டு, 2011 எனப் பொறிக்கப்பட்ட 29 வகையான 50 பென்ஸ் நாணயங்களைப் பிரித்தானிய நாணயச்சாலை வெளியிட்டது. அவற்றுள் நீச்சல் நாணயத்தின் முதல் வடிவத்தில் நீரலைக் கோடுகள் நீந்துபவரின் முகத்தின் குறுக்கே சென்றன. பின்னர் முகம் தெளிவாகத் தெரியுமாறு அது திருத்தப்பட்டது. முதல் வடிவத்தில் மிகச் சிலவே வெளியே வந்தன. ஆயிரம் பவுணுக்கு மேல் விலைபோவது அதுதான். திருத்திய நாணயமோ இருபது இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை.

அச்சிட்ட எண்ணிக்கையே அருமையின் முதல் அளவுகோல். ஆனால் அது மட்டும் போதாது. அத்தொடரில் வில்வித்தை நாணயம் 33,45,500. உதைபந்தாட்ட நாணயம் 11,25,500. மல்யுத்த நாணயம் 11,29,500. கடைசி இரண்டுக்கும் எண்ணிக்கையில் வேறுபாடு அற்பமே. எனினும் 'ஓவ்சைட்' விதியை வரைந்து விளக்கும் உதைபந்தாட்ட நாணயத்தையே பலரும் தேடுகின்றனர். தேடுவோர் பெருகினால் விலையும் ஏறும்.

பேணியில் மீதியிருந்தவற்றைப் புரட்டியபோது, 2002 மான்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டு விழாவின் 2 பவுண் நாணயம் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு வகையாக வெளிவந்த அந்நாணயங்களைச் சிறிய கொடி ஒன்றே வேறுபடுத்துகிறது. நண்பரிடம் இருந்தது வட அயர்லாந்துக் கொடி. அச்சானவை 4,85,500 மட்டுமே. நான்கிலும் அருமையானது அதுவே. அவரோ அதனைக் கவனித்ததே இல்லை.

மகிழ்ச்சியோடு சொல்ல வாயெடுத்தவன், அதன் செயற்கையான மினுக்கத்தைக் கண்டு தயங்கினேன். "வீட்டுக்காரிதான் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கிவைத்தவர்" என்றார் நண்பர் பெருமையோடு. குத்துவிளக்குக்குப் புளி அழகூட்டும். நாணயத்துக்கோ அது கேடு. விளக்கும்போது அச்சின் இயல்பான மேற்பரப்பு அழிந்துவிடுகிறது. தேர்ந்த சேகரிப்பாளர் அத்தகைய நாணயத்துக்கு உரிய விலையைத் தரமாட்டார்.

உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். பின் சொன்னேன். பேரன் அந்நாணயத்தை வாங்கி, வட அயர்லாந்து எங்கே இருக்கிறது, அதற்கு ஏன் தனிக் கொடி என்று கேட்கத் தொடங்கினான். அன்றிரவு தாத்தாவும் பேரனும் வரலாறு பேசிக்கொண்டிருந்தார்கள்.