பார்வையாளர் பலகை

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் ஒருவழிச் சாலையின் நீளம் 11 மைல்தான். அதைக் கடக்க எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. எங்கோ கரடி ஒன்று தென்பட்டதாம். முன்னால் சென்ற கார்கள் யாவும் நின்றுவிட்டன. (கரடியை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்களைப் பார்த்தோம்.)

டென்னஸி மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், வட கரோலினாவை ஒட்டி எழுந்து நிற்கும் ஸ்மோக்கி மலைகளுக்கு இயற்கையை நாடித்தான் போயிருந்தோம். காலை மூடுபனி, மேயும் மான்கள், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பழங்குடில்கள், ஒரு தேவாலயம், ஒரு மாவு ஆலை. எல்லாம் இருந்தன, குடியிருப்பவர்களைத்தான் காணோம். மனிதன் கைபடாத காடு என்று மயங்கவைக்கும் இந்த வெறுமைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் அரசு நிலத்திலேயே உருவானவை. ஸ்மோக்கி மலைகளிலோ ஒவ்வொரு துண்டு நிலத்தையும் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நிலத்தின் பெரும்பகுதி மர நிறுவனங்களிடம் இருந்தது. எஞ்சியது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக உழவர்களிடம். பள்ளிக் குழந்தைகள் சில்லறை திரட்டித் தந்தார்கள். ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை 50 லட்சம் டாலர் தந்தது. 1934இல் பூங்கா அமைந்தது. 1940இல் அதிபர் ரூஸ்வெல்ட் நியூஃபவுண்ட் கணவாயில் நின்று அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விற்க மறுத்தவர்களின் நிலத்தைச் சட்டத்தின் வழியே கையகப்படுத்தினார்கள். கேட்ஸ் கோவைச் சேர்ந்த ஜான் டபிள்யூ. ஆலிவர் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் போராடித் தோற்று, 1937இல் ஊரைவிட்டு வெளியேறினார்.

அவருடைய முன்னோரான மற்றொரு ஜான் ஆலிவர் இங்கு வந்து சேர்ந்தது 1818இல். அப்போது இது செரோக்கி மக்களின் நிலம். முதற்குளிர்காலத்தில் செரோக்கிகள் கொடுத்த உலர்ந்த பூசணிதான் தங்களைக் காப்பாற்றியது என்பது ஆலிவர் குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. அடுத்த ஆண்டே ஓர் ஒப்பந்தத்தின்படி பள்ளத்தாக்கு செரோக்கிகளின் கைவிட்டுப் போயிற்று. 1838இல் படைவீரர்கள் அவர்களைச் சுற்றுவட்டார மலைநாடு முழுவதிலுமிருந்து மிசிசிப்பிக்கு அப்பால் விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சொந்த எழுத்துமுறையும், 1828 முதல் அவ்வெழுத்தில் அச்சான செய்தித்தாளும் கொண்டிருந்த மக்கள் அவர்கள். மலைகளில் ஒளிந்தும் வட கரோலினாவில் தனிநிலங்களில் தங்கியும் தப்பியவர்களின் சந்ததியினர் இன்றும் பூங்காவின் தெற்கெல்லையில் வாழ்கிறார்கள். அவர்களது முயற்சியால், பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் 2024இல் தன் பழைய செரோக்கிப் பெயரான குவோஹியைத் திரும்பப் பெற்றது.

பள்ளத்தாக்கில் எதை விட்டுவைப்பது, எதை இடிப்பது என்று பூங்கா நிர்வாகம் முடிவு செய்தபோது, பலகைகள் வைத்துக் கட்டிய பிற்கால வீடுகள் பலவற்றை இடித்துத் தள்ளியது. மரக்கட்டைக் குடில்களை வைத்துக்கொண்டது. சில கட்டடங்களை வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் இங்கே தொலைபேசியும் கார்களும்கூட இருந்தன என்பதைக் காரில் சுற்றிவரும் பயணி ஊகிக்க வழியில்லை. இது எங்களை மிகவும் உறுத்தியது.

மறுநாள் லிட்டில் கிரீன்பிரையரின் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகம் நடந்து, வாக்கர் சகோதரிகளின் வீட்டைக் கண்டோம். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் இருந்த ஜான் வாக்கரின் மகள்கள் அவர்கள். தந்தை 1921இல் இறந்தபின், மணம் செய்துகொள்ளாத பெண்களே 122 ஏக்கர் நிலத்தை உழுது, ஆடு வளர்த்து, கம்பளி நூற்று நெய்து வாழ்ந்தார்கள். வீட்டுச் சுவர்களில் செய்தித்தாள்களையும் பத்திரிகைத் தாள்களையும் ஒட்டியிருந்தார்கள். (சுவரே வாசகசாலை!) பூங்கா வந்தபோது எஞ்சியிருந்த ஐந்து சகோதரிகள் அசையவில்லை. இறுதியில் 4,750 டாலருக்கு நிலத்தை விற்றார்கள்; சாகும்வரை அங்கேயே வாழும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆனால் விறகு வெட்டவோ, வேட்டையாடவோ, மீன் பிடிக்கவோ, ஆடுமாடு மேய்க்கவோ கூடாது. அவர்கள் வாழ்ந்த விதத்தையே பூங்கா விதிகள் தடுத்துவிட்டன.

1946இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழ் அவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. பயணிகள் திரண்டார்கள். சகோதரிகள் ஆப்பிள் பணியாரமும் பின்னல் வேலைகளும் விற்றார்கள். லூயிசா தன் கவிதைகளைக் கைப்பட எழுதி விற்றார். பூங்காவுக்கு வீட்டைப் பறிகொடுத்த துயரம் அவற்றுள் ஒன்றின் பொருள். அதையும் பூங்காவைக் காண வந்தவர்களே காசு கொடுத்து வாங்கிப் போனார்கள்.

1953இல் மார்கரெட், லூயிசா இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். தங்களுக்கு வயதாகிவிட்டது, வருபவர்களைக் கவனிக்க இயலவில்லை, 'பார்வையாளர் வரலாம்' என்ற அறிவிப்புப் பலகையை எடுத்துவிடுங்கள் என்று பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்கள். மார்கரெட் 1962இலும் லூயிசா 1964இலும் காலமானார்கள்.

நாங்கள் போன அன்று அந்த வீட்டு முகப்பில் ஒரு குடும்பம் அமர்ந்து மதிய உணவுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம்.