ஒரு போன், இரண்டு கம்பெனி, ஒரு மலை

2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. 11-ஆம் தேதி நியூயார்க்கில் வெரிசான் கம்பெனி, ஆப்பிளின் ஐபோன் இனி தங்கள் நெட்வொர்க்கிலும் கிடைக்கும் என்று அறிவித்தது. 20-ஆம் தேதி நம் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறிக்கொள்ளும் எம்.என்.பி. வசதி நடைமுறைக்கு வந்தது. முதல் செய்தியை உலகமே பேசியது. இரண்டாவதை ரீசார்ஜ் கடைக்காரர்கள் பேசினார்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள்தான். காசு கொடுத்து போன் வாங்குகிறவன் ஒரு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவனா, இல்லையா?

அப்போது நாங்கள் இறுதியாண்டு இ.சி.இ. ஆஸ்டலில் மெஸ் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்தால், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக இந்த ஐபோன் விவகாரம்தான் ஓடும். எங்கள் பேட்ச்சில் ஒருவரிடமும் ஐபோன் கிடையாது என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பாதிப் பேர் கையில் டார்ச் வைத்த நோக்கியா, மீதிப் பேர் கையில் ஊரையே எழுப்பும் ஸ்பீக்கர் வைத்த சைனா செட். கையில் இல்லாத பொருளைப் பற்றி வாதாடுவதில்தான் சுவாரசியம் அதிகம்!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2007 ஜூன் 29-ஆம் தேதி ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதை ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே கம்பெனியின் இணைப்போடுதான் வாங்க முடியும். ஆப்பிள் முதலில் கதவைத் தட்டியது வெரிசானிடம்தான். ஒப்பந்த நிபந்தனைகள் பிடிக்காமல் தாங்கள் மறுத்துவிட்டதாக வெரிசான் அதிகாரியே 2007-ல் பத்திரிகையிடம் சொன்னார். போன் வந்ததும் கதை மாறியது. அதுவரை செல்போனில் இன்டர்நெட் என்பது பேருக்குத்தான் இருந்தது. ஐபோன் வைத்திருந்தவர்களோ வீடியோ, மேப், மெயில் என்று நெட்வொர்க்கை உறிஞ்சினார்கள். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பேசிக்கொண்டிருக்கும்போதே கால் கட் ஆகிறது என்று ஏ.டி. அண்ட் டி. மேல் புகார் மேல் புகார். 2009 இறுதியில் வெரிசான் ஒரு விளம்பரம் போட்டது. தன் 3ஜி பரப்பைக் காட்டும் சிவப்பு வரைபடம் ஒரு பக்கம், ஏ.டி. அண்ட் டி.யின் நீல வரைபடம் இன்னொரு பக்கம். நீலத்தில் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தது. ஏ.டி. அண்ட் டி. கோர்ட்டுக்குப் போனது, சில வாரங்களில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படியானால் ஆப்பிள் உடனே வெரிசானுக்கும் போயிருக்கலாமே? அங்கேதான் எங்கள் வராந்தா இரண்டாகப் பிரியும். ஏ.டி. அண்ட் டி. ஜி.எஸ்.எம். வகை, வெரிசான் சி.டி.எம்.ஏ. வகை. உள்ளே இருக்கும் ரேடியோவே வேறு. அதற்காகத் தனி மாடல் செய்ய வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளில் அந்த மாடல் பயன்படாது. வெரிசானின் 3ஜி-யில் பேசிக்கொண்டே இன்டர்நெட் பார்க்கவும் முடியாது. போதாக்குறைக்கு, 2010 டிசம்பரில் வெரிசான் 4ஜி-யைத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் இந்த இரட்டை வேலையே வேண்டாமே என்பது ஒரு கட்சி. நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குப் பொருள் போகட்டும், தொழில்நுட்பம் தன்னால் பின்னால் வரும் என்பது இன்னொரு கட்சி. 2011 பிப்ரவரி 10-ல் வெரிசான் ஐபோன் கடைக்கு வந்தது, அக்டோபரில் ஸ்பிரின்ட், 2013-ல் டி-மொபைல். இரண்டாவது கட்சி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கள் வராந்தாவில் அந்த விவாதத்தை முடித்துவைத்தது வேறொருவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்த என் அறைத் தோழன். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "நீங்க எந்த போன் எந்த கம்பெனிக்குப் போகணும்னு சண்டை போடுறீங்க. எங்க ஊருக்கு எந்த கம்பெனி வரும்னு யாராவது கேட்டீங்களாடா?"

அவன் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒரு பாறை. ஆஸ்டலிலிருந்து அவன் வீட்டுக்குப் பேச வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் அண்ணன் அந்தப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். மழை பெய்தால் அந்த வாரம் பேச்சு கிடையாது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியது முதல் செல்போன் அழைப்பு. சென்னைக்கு ஆர்.பி.ஜி., ஸ்கைசெல் என்று இரண்டு கம்பெனிகள். சென்னை தவிர்த்த தமிழ்நாடு தனி வட்டம். அதில் 1999-ல் சி. சிவசங்கரனின் ஏர்செல் வந்தது, பி.பி.எல். அதற்குப் போட்டி. நம் பக்கத்தில் செல்போன் என்றாலே ஏர்செல் என்றிருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006-ல் அதன் பெரும் பங்கை மலேசியாவின் மேக்சிஸ் வாங்கியது.

அமெரிக்காவைப் போல் போனையே கம்பெனியோடு கட்டிப்போடும் முறை நம்மிடமும் வந்து பார்த்தது. 2003 ஜூலையில் ரிலையன்ஸ், 501 ரூபாய் முன்பணத்தில் சி.டி.எம்.ஏ. போன் கொடுத்தது. சிம் கார்டு போடும் இடமே அதில் கிடையாது. கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போனையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஏழைபாழைகள் கையில் முதன்முதலில் போன் ஏறியது இப்படித்தான் என்பதையும் மறுக்க முடியாது. 2017-ல் வந்த ஜியோபோனும் அதே பரம்பரைதான். 1,500 ரூபாய் டெபாசிட், ஆனால் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும்.

இருந்தும் நம் ஜனங்கள் பெரும்பாலும் ஜி.எஸ்.எம். பக்கமே நின்றார்கள். காரணம் தத்துவம் இல்லை, சிக்கனம். ஒரு கம்பெனியில் எஸ்.எம்.எஸ். சலுகை, இன்னொன்றில் ராத்திரிப் பேச்சு இலவசம். ஆகவே இரண்டு சிம் போடும் போன். சைனா செட்டும் மைக்ரோமேக்ஸும் இதை வைத்தே சந்தையைப் பிடித்தன. நோக்கியா இதை உணர்ந்து இரட்டை சிம் போன் கொண்டுவருவதற்குள் நேரமாகிவிட்டது. ஐபோனில் இரண்டு இணைப்பு வசதி வந்தது 2018-ல்! எந்தக் கம்பெனி என்று அமெரிக்கா நாலு வருஷம் விவாதித்ததை நம் ஊர் மொபைல் கடைக்காரர் "ரெண்டையும் போட்டுக்குங்க சார்" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவைத்தார்.

ஐபோன் நம் நாட்டுக்கு வந்தது 2008 ஆகஸ்ட் 22-ல். ஏர்டெல், வோடபோன் இரண்டும் விற்றன. அமெரிக்காவில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் 199 டாலருக்குக் கிடைத்த 8 ஜிபி மாடலுக்கு இங்கே 31,000 ரூபாய் ரொக்கம். பேரிலேயே 3ஜி வைத்திருந்த போன், ஆனால் அன்றைக்கு இந்தியாவில் எந்தக் கம்பெனியிடமும் 3ஜி சேவை இல்லை. கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசை முதலில் வந்து, மாப்பிள்ளை இரண்டு வருஷம் கழித்து வந்த மாதிரி. 3ஜி அலைக்கற்றை ஏலம் 2010 மே மாதம்தான் முடிந்தது; தமிழ்நாடு வட்டத்தில் ஏர்டெல், வோடபோனோடு ஏர்செல்லும் எடுத்தது. 2011 மே 27-ல் ஐபோன் 4 இங்கே வந்தபோது விற்றவர்கள் ஏர்டெல்லும் ஏர்செல்லும். நம் தமிழ்நாட்டுக் கம்பெனி ஐபோன் விற்கிறது என்று எங்களுக்கு ஒரு பெருமை. 34,500 ரூபாய் என்பதால் பெருமையோடு நிறுத்திக்கொண்டோம்.

எம்.என்.பி.யின் அருமை முழுதாகப் புரிந்தது 2018 பிப்ரவரியில். கடன் சுமையிலும் ஜியோ தொடங்கிவைத்த விலைப்போரிலும் சிக்கிய ஏர்செல், தமிழ்நாட்டில் திடீரென்று சிக்னல் இழந்தது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. எண் மாற்றாமல் வெளியேற 1900-க்கு 'போர்ட்' என்று மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னல்தான் இல்லையே! அந்தக் குறியீட்டு எண்ணுக்காக லட்சக்கணக்கான பேர் அலைந்தார்கள். இருந்தும் போன் பிழைத்தது, பெரும்பாலோருக்கு எண்ணும் பிழைத்தது. கம்பெனி செத்தாலும் வாடிக்கையாளர் சாகவில்லை. அமெரிக்கப் பாணியில் போனும் ஒப்பந்தமும் கம்பெனியோடு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, போன் விடுதலை ஆனது, எண் விடுதலை ஆனது. என் தோழன் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சில இடங்களில் 3,000 அடிக்கு மேல். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்காதீர்கள், மலையை ஆள்பவர் என்ற பொருளில் தமிழ் பேசுகிறவர்கள். மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்து 1976-ல்தான் அந்த மலை முழுதாக அரசு நிர்வாகத்துக்கு வந்தது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே சமவெளியைவிட ஒரு தலைமுறை தாமதம். செல்போன் மட்டும் விதிவிலக்காகிவிடுமா?

படித்த படிப்புக்கு இரண்டு வரி எழுதிவிடுகிறேன். ரேடியோ அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி. கச்சிராயபாளையம் பக்கம் அடிவாரத்தில் ஒரு டவர் வைத்தால் அதைப் பார்த்தபடி இருக்கும் சரிவுக்குச் சிக்னல் ஏறும். முகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் நிழலில் விழும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு வளைந்து இறங்கும், 1800-ம் 2100-ம் அந்த அளவுக்கு வளையாது. ஆகவே சமவெளியில் 3ஜி, 4ஜி என்று வேகம் ஏற ஏற, பாறை மேல் கிடைத்த பழைய சிக்னலுக்கு ஒரு பிரயோஜனமும் கூடவில்லை. தீர்வு மலை மேலேயே டவர். அதற்குப் பாதை வேண்டும், கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் டீசல் வேண்டும், கீழே உள்ள எக்ஸ்சேஞ்சோடு இணைப்பு வேண்டும். இவ்வளவு செலவுக்குப் பயன்படுத்துகிறவர்கள் சில நூறு பேர். ஒரு கம்பெனி வந்தாலே பெரிது. இரண்டாவது கம்பெனி எதற்கு வரும்? இருப்பது ஒரே டவர் என்னும் ஊரில் எம்.என்.பி. உரிமையை வைத்துக்கொண்டு எங்கே போவது? 2020-ல் கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக, என் தோழனின் தங்கை மகள் அதே பாறையில் குடை பிடித்து உட்கார்ந்த போட்டோவை அவன் எனக்கு அனுப்பினான். பாறை அப்படியே இருந்தது, மேலே ஏறிய தலைமுறைதான் மாறியிருந்தது.

2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாயில் திட்டம் போட்டது, பொறுப்பு பி.எஸ்.என்.எல்.லுக்கு. இங்கே நம் பழைய விவாதம் புது வேஷத்தில் வந்தது. அரசுப் பணத்தில் நிற்கும் டவரில் ஒரு கம்பெனி சிம் மட்டும் வேலை செய்தால் போதுமா? மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வரும் பையன் கீழே வேறொரு கம்பெனி சிம் வைத்திருப்பான். ஊருக்குப் போனால் அது செத்துப்போகும். 2025 ஜனவரி 17-ல் அதற்கு ஒரு பதில் வந்தது. டிஜிட்டல் பாரத் நிதியில் அமைந்த 27,836 டவர்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்றில் எது கட்டிய டவராக இருந்தாலும், மற்ற இரண்டின் வாடிக்கையாளர்களும் அதில் 4ஜி பயன்படுத்தலாம். வெளிமாநிலம் போனால் ரோமிங் வருவதுபோல, சொந்த வட்டத்துக்குள்ளேயே ரோமிங். என் கணக்கில், ஐபோன் வெரிசானுக்குப் போனதைவிட இது பெரிய செய்தி. பத்திரிகையில் நாலு பத்தி வந்தது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்த ஏற்பாடு அந்த நிதியில் கட்டிய டவர்களுக்கு மட்டும்தான். கம்பெனிகள் சொந்தப் பணத்தில் நிறுத்திய டவர்களுக்குப் பழைய சட்டம்தான். என்னைக் கேட்டால், ஓர் ஊருக்கு ஒரே டவர் என்றால் அது யார் பணத்தில் நின்றாலும் எல்லா சிம்மும் அதில் ஏற வேண்டும். வாடகையைக் கம்பெனிகள் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். ஆற்றில் ஒரே பாலம் இருக்கும்போது எந்த பஸ் கம்பெனி என்று பார்த்தா விடுகிறோம்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று வருஷா வருஷம் எனக்குப் போன் வருகிறது. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர் ஊராகப் போங்கள். மூன்று போன், மூன்று கம்பெனி சிம். எந்த இடத்தில், எந்த அலைவரிசையில், எத்தனை டெசிபல் சிக்னல் என்று பதிவு செய்யும் இலவச ஆப்கள் உண்டு. சிம் தன் சொந்த டவரில் நிற்கிறதா, அடுத்தவர் டவரில் நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கல்வராயன் மலைக்கு உண்மையான சிவப்பு-நீல வரைபடம் கிடைத்துவிடும். கம்பெனிகள் போடும் வரைபடம் கம்ப்யூட்டர் கணக்கு. நீங்கள் போடுவது கால் நடந்த கணக்கு. மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்கும் மனுவோடு அதை இணைத்தால் 'எங்கள் ஊரில் சிக்னல் இல்லை' என்ற ஒற்றை வரிக்கு எடை கூடும். பஸ் செலவும் மூன்று ரீசார்ஜும் 2011 பேட்ச் பார்த்துக்கொள்கிறோம். வழிகாட்ட என் தோழன் தயார். பாறைக்குப் போகும் பாதை அவனுக்குத்தான் தெரியும்.