ஆஸ்திரேலியாவின் படகுத் தடுப்புக் கொள்கை

விசா இன்றிப் படகில் வந்து புகலிடம் கோருவோரைத் தன் கரையில் இறங்கவிடாத கொள்கையை ஆஸ்திரேலியா 2001 முதல், இடையில் ஒருமுறை தளர்த்தியது தவிர, படிப்படியாக இறுக்கி வந்துள்ளது. அவ்வாண்டு ஆகஸ்டில், கடலில் தத்தளித்த 433 பேரைக் காப்பாற்றிய நார்வே சரக்குக் கப்பல் 'டாம்பா' கிறிஸ்துமஸ் தீவை நெருங்கியது. ஜான் ஹோவர்ட் அரசு அவர்களை இறக்க அனுமதி மறுத்து, பெரும்பாலானோரைப் பசிபிக் தீவு நாடான நவுருவின் முகாமுக்கு அனுப்பியது. 'பசிபிக் தீர்வு' எனப்பட்ட இந்த ஏற்பாட்டை 2008இல் கெவின் ரட் அரசு கைவிட்டது.

படகுகள் மீண்டும் பெருகின. 2012 ஆகஸ்டில் ஜூலியா கில்லார்ட் அரசு நவுருவிலும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவிலும் முகாம்களை மறுபடி திறக்க முடிவு செய்தது. முகாமுக்கு அஞ்சி மக்கள் புறப்படமாட்டார்கள் என்ற கணக்கு பொய்த்தது: 2013இல் 20,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். அவ்வாண்டு ஜூலையில், மீண்டும் பிரதமரான ரட், படகில் வருவோர் அகதிகள் என ஏற்கப்பட்டாலும் ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று அறிவித்தார். செப்டம்பரில் ஆட்சிக்கு வந்த டோனி அபட், இராணுவத் தளபதி ஒருவரின் பொறுப்பில் 'இறையாண்மை எல்லைகள்' நடவடிக்கையைத் தொடங்கினார். படகுகள் நடுக்கடலில் மறிக்கப்பட்டு, இந்தோனேசியாவை நோக்கித் திருப்பப்பட்டன; ஓட முடியாத படகில் வந்தவர்கள் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகுகளில் ஏற்றி விடப்பட்டனர். 2014இல் வருகை ஏறக்குறைய நின்றது. முகாம்களைவிட இந்தத் திருப்பியனுப்பலே அதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

இலங்கையரிடம் இக்கொள்கை மேலும் கடுமையாக நடந்தது. 2012இல் இலங்கையிலிருந்து 6,000க்கும் மேற்பட்டோர் படகில் வந்திருந்தனர். இப்பயணங்களைத் தடுக்க இலங்கைக் கடற்படைக்கு ஆஸ்திரேலியா இரண்டு ரோந்துப் படகுகளை அளித்தது. 2014 ஜூலையில், மறிக்கப்பட்ட 41 பேரைக் கடலிலேயே அக்கடற்படையிடம் ஒப்படைத்தது. யாரிடமிருந்து தப்பி வந்ததாக ஒருவர் சொல்கிறாரோ, அந்த அரசின் கையிலேயே அவரைத் திருப்பிக் கொடுப்பது அகதிகள் சட்டத்தின் அடிப்படைக்கே எதிரானது. அப்போதே, புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேர், பெரும்பாலும் ஈழத் தமிழர்கள், சிறுவர்கள் உட்பட, சுமார் ஒரு மாதம் சுங்கத்துறைக் கப்பலில் அடைக்கப்பட்டிருந்தனர். பின்னர் நவுருவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கப்பலில் அடைத்துவைத்தது சட்டப்படி செல்லும் என 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

மனுஸ் தீவில் மக்களை அடைத்துவைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றம் 2016 ஏப்ரலில் கூறியது. அம்முகாம் 2017இல் மூடப்பட்டது. இந்த அகதிகளில் ஆண்டுக்கு 150 பேரை ஏற்பதாக நியூசிலாந்து 2013இலேயே முன்வந்தும், ஆஸ்திரேலியா 2022இல்தான் சம்மதித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், 2019 தொடக்கம் வரை, நவுருவில் சிறுவர்களும் இருந்தனர். 2023இல், படகில் புதிதாக வந்தவர்கள் மீண்டும் நவுருவுக்கு அனுப்பப்பட்டனர்.